ஈவுல ஒரு சைபரக் காணோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல 7,035ஐ 7ஆல வகுத்தா 105னு விடை போட்டிருந்தீங்க. 1,005தான் சரி. அச்சுல விட்டுப்போச்சா இல்ல எழுதினவரே விட்டுட்டாரான்னு தெரியல, அது பரவால்ல, ஆனா இந்த வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர் அதப் பத்தி எழுதி, கடைசில "எல்லார் கைலயும் போன் இருக்கு, போன்ல கால்குலேட்டர் இருக்கு, இன்னும் நீள் வகுத்தல் சொல்லிக் குடுத்து பசங்க உயிர ஏன் எடுக்கணும்"னு முடிச்சிருந்தாரு பாருங்க, அதப் படிச்சதுல இருந்து எனக்கு கை நமநமன்னு இருக்கு. நான் பேப்பருக்கெல்லாம் எழுதுற ஆளே இல்ல. பேசுற மாதிரிதான் எழுத வரும், திருத்திப் போட்டாலும் சரி அப்படியே போட்டாலும் சரி.

எனக்கு வயசு 38. தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். வீட்டுல தையல் மிஷின் வெச்சிருக்கேன், ரெண்டு பசங்க. நீள் வகுத்தல் நான் கத்துக்கிட்டது போன வருஷம். ஆமாங்க, 37 வயசுல.

அதுவரைக்கும் எப்படி ஓட்டினேன்னு கேட்டீங்கன்னா, நாலாவது படிக்கும்போது எனக்கு அம்மை போட்டு மூணு வாரம் வேப்பிலைல படுக்க வெச்சிட்டாங்க, திரும்பிப் போனப்போ போர்டு பூரா படிக்கட்டு மாதிரி கணக்கு இறங்கி இறங்கிப் போகுது, எல்லாரும் "போகுமா, போகாது, இறக்கு"ன்னு என்னமோ பேசிக்கிறாங்க, எனக்கு ஒன்னும் புரியல, கேக்கவும் பயம். அப்புறம் பக்கத்துல உக்காந்திருந்த புள்ளயப் பாத்து எழுதியே அஞ்சாவது போயிட்டேன். வாய்ப்பாடு மட்டும் 16 வரைக்கும் கடகடன்னு சொல்லுவேன், அதனால டீச்சருக்கு சந்தேகமே வரல. பத்தாவதுல வடிவியலுக்கு 10 மார்க், வரைபடத்துக்கு 10 மார்க், ஸ்கேலும் காம்பஸும் இருந்தா அது கைல வந்துரும், மிச்சத்துக்கு ஒரு மார்க் கேள்வி அது இதுன்னு தேத்தி பாஸ் பண்ணிட்டேன். இந்த வழில பாஸ் பண்ணின ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

மாட்டினது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4ல, அதாங்க அரசு வேலைக்கு எழுதுற தேர்வு. சின்னவன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சதும் படிச்சுப் பாக்கலாம்னு தோணுச்சு. உங்க வாசகர்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், 200 கேள்வி, 3 மணி நேரம், 300 மார்க்கு. அதுல 25 கேள்வி கணக்கு. தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., மீ.பெ.கா., ஆளும் நாளும் வேலையும் கணக்குன்னு வரும். கேள்விக்கு ஒன்றரை மார்க், ஆக 37.5 மார்க். உள்ள போன் கெடையாது கால்குலேட்டர் கெடையாது, கைல பேனா மட்டும்தான். 3 மணி நேரம்னா 10,800 செகண்டு, அத 200ஆல வகுத்தா ஒரு கேள்விக்கு 54 செகண்டு. (இதையும் நான் கைலதான் போட்டேன்.) சூத்திரமெல்லாம் எனக்கு மனப்பாடம். கூட்டுவட்டில கடைசி வரி வரைக்கும் வந்துருவேன், வந்து ஒரு வகுத்தல்ல நின்னுருவேன். தெரியலன்னா அதுக்கும் "விடை தெரியவில்லை"ன்னு ஈ வட்டத்தக் கருப்பாக்கணும், பயிற்சித் தேர்வுல வரிசையா ஈ ஈ ஈன்னு கருப்பாக்கிட்டு வந்தேன்.

ஒரு கோச்சிங் சென்டர்ல சேந்தேன், பேரு வேணாம். அங்க கணக்கு எடுக்கிறவர்கிட்ட தனியாப் போய் சார் எனக்கு வகுத்தல் வராதுன்னு சொன்னேன். "அஞ்சாங்கிளாஸ் கணக்கும்மா அது"ன்னு சிரிச்சாரு. பின்னாடி பெஞ்சுல இருந்த காலேஜ் பசங்களும் சிரிச்சாங்க. ஆனா பாவம், கெட்டவர் இல்ல, ஒரு குறுக்குவழி மட்டும் சொல்லிக் குடுத்தாரு, ஒன்பது சோதனை. வகுக்கப்போற எண்ணோட இலக்கத்தையெல்லாம் ஒரே இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டிக்கோ, ஈவுக்கும் (வகுத்து வந்த விடை) வகுத்திக்கும் (எதால வகுக்கிறோமோ அந்த எண்) அதே மாதிரி கூட்டி வந்தத பெருக்கி அதையும் அப்படியே கூட்டு, ரெண்டு பக்கமும் ஒன்னா வந்தா விடை சரி, வரலன்னா தப்பு.

இந்த ஒன்பது சோதனைதான் என்னக் கவுத்துச்சு. 4,836ஐ 12ஆல வகுக்கணும். நானா தட்டுத்தடுமாறி 48ல 12 நாலு தடவ போகும்னு 4 போட்டேன், மிச்சம் இருக்கிற 3ல 12 போகாது, சரி பக்கத்துல இருக்கிற 6ஐயும் சேத்து 36, மூணு தடவ போகும்னு 3 போட்டேன். விடை 43. இப்போ சோதனை. 4+8+3+6 = 21, ரெண்டும் ஒன்னும் 3. இந்தப் பக்கம் 12க்கு 3, 43க்கு 7, மூவேழு 21, அதுவும் 3. ரெண்டு பக்கமும் 3! எனக்கு வந்த சந்தோஷத்த என்னன்னு சொல்ல, நோட்டத் தூக்கிக்கிட்டு அடுப்படிக்கே ஓடிப்போய் எங்க அத்தைகிட்ட காட்டினேன்.

எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, 66 வயசு, அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க. இந்த மகளிர் குழு இருக்கு பாருங்க, அது தமிழ்நாட்டுல முதல்முதலா 1989ல ஆரம்பிச்சது எங்க தருமபுரி மாவட்டத்துலதான், எங்க ஊருக்கு அது வந்தப்போ அத்தைதான் ஊக்குநர், பல வருஷம் கணக்கு நோட்டு அவங்க கைலதான் இருந்துச்சு. நோட்ட வாங்கி கண்ணாடி கூட போடாம தூரமா புடிச்சுப் பாத்தாங்க. "ஏங் கண்ணு, 4,836 ரூவா வட்டி சேந்திருக்கு, குழுவுல 12 பேரு, ஆளுக்கு 43 ரூவான்னு குடுத்துப் பாரு, மீதிய நீ அமுக்கிட்டன்னு பொம்பளைங்க வெளக்கமாறு எடுத்துட்டு வருவாங்க. 12 பேருக்கு ஆளுக்கு நாப்பதுன்னாலே ஐநூறு கூட தேறல. பாக்கி நாலாயிரத்து சொச்சம் எங்க போச்சு?"

போச்சா. சோதனைல சரின்னு வந்துச்சே அத்தைன்னேன். அப்புறம் நானே உக்காந்து யோசிச்சா, 403ஓட இலக்கத்தக் கூட்டினாலும் 7, 43ஓட இலக்கத்தக் கூட்டினாலும் 7. சைபர் இருந்தாலும் இல்லாட்டியும் கூட்டுத்தொகை மாறாது. அந்த சோதனைக்கு சைபர் கண்ணுக்கே தெரியாது! எந்தத் தப்ப நான் போடுறனோ அதே தப்புக்குத்தான் குருடு அது. உங்க 105ம் 1,005ம் கூட அப்படித்தான், ரெண்டுக்கும் 6, ஒன்பது சோதனை போட்டுப் பாத்தா உங்க விடையும் பாஸ்.

அன்னைக்கு சாயங்காலமே அத்தை எனக்கு பாடம் எடுத்தாங்க. கிழிச்சுப் போட்ட டெய்லி காலண்டர் தாள்ல 48 எடுத்து இது நூறு ரூவா நோட்டுன்னாங்க, 3 தீக்குச்சி, அது பத்து ரூவா, புளியங்கொட்டை 6, அது ஒரு ரூவா. தரைல வீட்டுல இருக்கிற தட்டு கிண்ணி எல்லாத்தையும் சேத்து 12 வெச்சு, குடுன்னாங்க. ஆளுக்கு 4 தாளு, 48ம் தீந்துருச்சு. அடுத்து தீக்குச்சி. மூணு குச்சிய 12 பேருக்கு எப்படிக் குடுப்ப? முடியாது. ஆளுக்கு எத்தன குச்சி குடுத்த? ஒன்னும் குடுக்கல அத்தை. "அத எழுதேன். ஒன்னும் குடுக்கலங்கிறத யாரு எழுதுவா?" அங்கதான் சைபர். அதுக்கு அப்புறம் அந்த மூணு குச்சிய சில்லறையா மாத்து, 30 புளியங்கொட்டை, கைல இருக்கிற 6ம் சேத்து 36, ஆளுக்கு 3. தட்டப் பாத்தா 4 தாளு, குச்சி கெடையாது, 3 கொட்டை. நானூத்தி மூணு.

இருபத்தெட்டு வருஷமா எனக்கு விளங்காத "இறக்கு" அப்பதான் விளங்குச்சு. இறக்குறதுன்னா சில்லறை மாத்துறது, அவ்வளவுதாங்க. மேல குடுக்க முடியாம மிச்சம் நின்ன நோட்ட சின்ன நோட்டா மாத்தி, ஏற்கனவே இருக்கிற சின்ன நோட்டோட சேக்கிறோம். இத எனக்கு யாருமே சொல்லல, "பக்கத்து எண்ண இறக்கிக்கோ"ன்னுதான் சொன்னாங்க, ஏன் இறக்கணும்னு கேட்டா முறை அதுதான்பாங்க. விதி இதுதான்: ஒவ்வொரு தடவ இறக்கும்போதும் மேல ஈவுல ஒரு இலக்கம் விழுந்தே ஆகணும், போகலன்னா சைபராவது விழணும், ரெண்டு இலக்கத்த சேத்து இறக்கிட்டு ஒரே ஒரு இலக்கத்தப் போட்டா ஈவு ஒரு வீடு குறைஞ்சிரும். கட்டம் போட்ட நோட்டுல, ஈவோட இலக்கத்த இறக்கின இலக்கத்துக்கு நேர் மேல எழுதினா இந்தத் தப்பு பாதி தானா போயிரும், காலி கட்டம் கண்ண உறுத்தும். கோடு போட்ட நோட்டுல எழுதி எழுதித்தான் நான் பாதி நாசமானேன்.

அத்தை இன்னொன்னு சொன்னாங்க. நம்ம வாய் சைபர சொல்லவே சொல்லாது. நானூத்தி மூணுங்கிறோம், நானூத்தி சைபர் மூணுன்னா சொல்றோம்? கைதான் அத ஞாபகமா எழுதணும். வீட்டுல மாமனாரோட தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்னு தகரப்பெட்டில இருக்கு, அதுல பழைய தமிழ் எண்ணுதான். அந்த முறைல 403ன்னா ௪௱௩, 43ன்னா ௪௰௩. நூறுக்கு ஒரு எழுத்து, பத்துக்கு ஒரு எழுத்து, சைபரே வேணாம், நான் போட்ட தப்பப் போடணும்னாலும் போட முடியாது. நாம சொல்ற மாதிரியே எழுதியிருக்காங்க. ஆனா அதுல படிக்கட்டு வகுத்தல் போட முடியுமான்னு கேட்டா கஷ்டம்தான், இடத்துக்கு ஒரு மதிப்புன்னு இருந்தாத்தான் இந்த விளையாட்டே.

அத்தையோட அப்பா சின்னதா மளிகைக்கடை வெச்சிருந்தாராம். 1957ல நயா பைசா வந்த அப்புறமும் ரொம்ப நாளைக்கு அணாலதான் மனசுக்குள்ள கணக்குப் போடுவாராம். 10 ரூவாய 12 பேருக்குப் பிரிக்கணும்னா, ரூவா போகாது, அணாவா மாத்து, ரூவாக்கு 16 அணா, ஆக 160 அணா. ஆளுக்கு 13 அணா, மிச்சம் 4 அணா. அணாக்கு 12 பை, ஆக 48 பை, ஆளுக்கு 4. பதிமூணு அணா நாலு பை, துல்லியமா முடிஞ்சிருச்சு. அங்க 16, இங்க 12னு மாறி மாறிப் பெருக்கணும், நமக்கு எங்க போனாலும் பத்துதான், பெருக்கவே வேணாம் பக்கத்துல ஒரு இலக்கத்த ஒட்டினாப் போதும். இவ்வளவு சுலபமாக்கிக் குடுத்திருக்காங்க, இதுக்குப் போய் நான் அத்தன வருஷம் பயந்திருக்கேன்.

ஓரிலக்க வகுத்தியும் 12ம் வந்துருச்சு. அடுத்து 29, 34, 47 மாதிரி வாய்ப்பாடே இல்லாத எண்ணு. இங்க அத்தைக்கும் கொஞ்சம் இழுத்துச்சு, அதனால ரெண்டு பேரும் சேந்துதான் கத்துக்கிட்டோம்னு சொல்லணும். இது ஊகம். 1,711ஐ 29ஆல வகுக்கணும்னு வைங்க. 171ல 29 எத்தன தடவ? மொத இலக்கம் 2, அப்போ 17ல ரெண்டு 8 தடவன்னு போட்டா 232, ரொம்ப அதிகம், அழி. 29ங்கிறது 30க்குப் பக்கம், அப்போ 17ல மூணு, 5 தடவ. 145, மீதி 26. ஒன்ன இறக்கினா 261. 26ல மூணு, 8 தடவ, 232, கழிச்சா மீதி 29. மீதி வகுத்திக்கு சமமா வரக்கூடாதே, அப்போ இன்னொரு தடவ போகும், 9. ஆக 59. பாருங்க, ஊகம் ஒரு தடவ கூடிப்போச்சு ஒரு தடவ குறைஞ்சு போச்சு. கழிக்க முடியலன்னா ஒன்னு ஒன்னா குறை, மீதி வகுத்திய விடப் பெருசாவோ சமமாவோ வந்தா ஒன்னு கூட்டு. தப்பா ஊகிச்சா கணக்கே உடனே சொல்லிக் குடுத்துரும். எனக்கு ரப்பர் எடுத்து அழிக்கிறதே அவமானம்னு ஒரு நெனப்பு இருந்துச்சு, மொத தடவையே சரியான இலக்கம் தோணணும்னு நெனச்சு பேனாவ வெச்சுக்கிட்டு வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். அழிக்கலாம்னு தெரிஞ்ச அன்னைக்கு பாதி பயம் போச்சு. இல்லாட்டி ஓரத்துல 29, 58, 87, 116னு ஒன்பது வரைக்கும் கூட்டிக் கூட்டி எழுதி வெச்சுக்கலாம், பெரிய கணக்குன்னா அதுதான் நிம்மதி, ஆனா 54 செகண்டுல அதுக்கு நேரம் பத்தாது.

இப்போ அந்த கால்குலேட்டர் ஐயாவுக்கு வர்றேன். அவர் சொல்றது தப்புன்னு சொல்லல. லட்சக்கணக்குல ஏழு இலக்கத்த மூணு இலக்கத்தால கைல வகுன்னு குழந்தைய உக்கார வெச்சா நானும் வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனா 5,000 ரூவாய 12 பேருக்குப் பிரிக்கணும்னு போன்ல போட்டுப் பாருங்க, 416.6666னு வரும். அத எப்படிங்க குடுப்பீங்க? கைல போட்டா 416, மீதி 8. அந்த 8 ரூவாதான் குழுவுல டீ செலவுன்னு நோட்டுல ஏறும். மீதிங்கிறது கைல நிக்கிற காசு, போன் அத நசுக்கிப் புள்ளிக்கு அந்தாண்ட தள்ளிரும். அதுவும் இல்லாம போன்ல ஒரு சைபர விட்டு அடிச்சா அது பாட்டுக்கு ஒரு விடை சொல்லும், அது தப்புன்னு தெரியறதுக்கு ஒரு மனசு வேணும், அந்த "நாலாயிரம் எங்க போச்சு"ங்கிற மனசு. அத்தைக்கு அது எங்க இருந்து வந்துச்சு? போட்டுப் போட்டுத்தான்.

பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்பு 2005ல இருந்து கிராமம் கிராமமா வீட்டுக்கே போய் எடுக்கிற அசர் சர்வேல, பசங்களுக்குக் குடுக்கிற கணக்குலயே கடைசிப் படி, மூணு இலக்க எண்ண ஒரு இலக்கத்தால வகுக்கிறதுதான். 2024ல நாடு முழுக்க அஞ்சாவது பசங்கள்ல நூத்துக்கு முப்பது பேருக்குத்தான் அது வந்திருக்கு. மிச்ச எழுபது பேரையும் கால்குலேட்டர் காப்பாத்திரும்னா சொல்றாரு? அதுவும் இது அஞ்சாவதோட முடியிற சங்கதி இல்ல. என் பெரியவன் ஒன்பதாவது, அவன் புக்குல எக்ஸ் எக்ஸா வெச்சு பல்லுறுப்புக் கோவைய வகுக்கிறான், பாத்தா அதே படிக்கட்டு, அதே இறக்குறது, நடுவுல எக்ஸ் ஸ்கொயர் இல்லன்னா அங்க 0 எக்ஸ் ஸ்கொயர்னு போடணுமாம். சைபர் அங்கயும் வந்து நிக்குது! பத்தாவதுல வர்க்கமூலம் கண்டுபிடிக்கிறதும் நீள் வகுத்தல்லதான். என்னால அவனுக்கு அத சொல்லிக் குடுக்க முடிஞ்சுச்சு, நெனச்சுப் பாருங்க, பாத்து எழுதியே பாஸ் பண்ணின நான்.

ஒரு நாள் சோறு கொதிக்கிற நேரத்துல சும்மா 1ஐ 7ஆல வகுத்துக்கிட்டே போனேன். 10ல ஏழு ஒரு தடவ, மீதி 3. 30ல நாலு தடவ, மீதி 2. 20ல ரெண்டு, மீதி 6. 60ல எட்டு, மீதி 4. 40ல அஞ்சு, மீதி 5. 50ல ஏழு, மீதி 1. அட, ஆரம்பிச்ச 1 திரும்ப வந்துருச்சு! இதுக்கு மேல எல்லாம் அதே 142857, 142857னு சுத்திக்கிட்டேதான் இருக்கும். அத்தைகிட்ட காட்டினேன். ஏழால வகுத்தா மீதி ஒன்னுல இருந்து ஆறுக்குள்ளதானே வர முடியும், ஆறு வீடும் போயிட்டா ஏழாவதுக்கு எங்க போகும், பொறந்த வீட்டுக்குத்தான் வரணும்னாங்க. போன்ல இத அடிச்சா 0.142857142னு கொஞ்ச தூரம் காட்டிட்டு நிறுத்திரும், ஏன் சுத்துதுன்னு அந்த மீதி வரிசையப் பாத்தாத்தான் தெரியும். சோறு கொஞ்சம் குழஞ்சு போச்சு, அது வேற விஷயம்.

உங்ககிட்ட நான் கேக்கிறது ரெண்டுதான். மாணவர் பக்கத்துல எப்பவும் சரியாப் போட்ட கணக்கே போடுறீங்க, அதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவ தப்பாப் போட்ட வகுத்தல் ஒன்ன, படி படியா, போட்டு எங்க தப்புன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. சைபர் விட்டது, கடன் வாங்காம கழிச்சது, மீதி பெருசா நின்னது, இப்படி. என்ன மாதிரி ஆளுங்க வெளிய கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பக்கத்த ஒளிச்சு வெச்சுப் படிப்பாங்க, பசங்க பேரச் சொல்லி.

ரெண்டாவது, அந்த 105க்கு ஒரு திருத்தம் போடுங்க. அத்தை பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க, பேங்க் செக்குல எழுதுற மாதிரி எண்ணாலயும் எழுத்தாலயும் போடச் சொல்லுன்னு சொல்றாங்க. 1,005, ஆயிரத்து ஐந்து மட்டும்.

இப்படிக்கு,
பாலக்கோடு வாசகி ஒருத்தி